பள்ளி மைதானத்தில் படம் போட

வகுப்பறையில் படம் பார்ப்பது வேறு, மைதானத்தில் ஊரோடு உட்கார்ந்து பார்ப்பது வேறு. அதற்காகக் கொஞ்சம் மெனக்கெடலாம்.

திரைக்கு 12 அடி அகலம், 7 அடி உயரத்தில் தடித்த வெள்ளைத் துணி போதும். நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினால் காற்றில் கப்பல் பாய்போல் உப்பி, கம்பத்தையே சாய்த்துவிடும். மேல்பக்கத்தை மட்டும் இறுக்குங்கள். கீழ்முனைகளை சைக்கிள் டியூப் துண்டால் கட்டினால் காற்றுக்கு இழுபட்டு மீளும். நன்றாக இருட்டும்வரை தொடங்கவேண்டாம், படம் வெளிறிப்போகும். பல்பு வகை புரொஜெக்டருக்கு யூபிஎஸ் கட்டாயம். கரண்ட் போனால் உள்ளே விசிறி நின்று, சூட்டிலேயே பல்பு கெட்டுவிடலாம்.

அதே திரையில் போட, பிள்ளைகளே படமெடுக்கவும் பழக்கலாம். அந்தப் பயிற்சிக்கு ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு போன். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். முதல் நாள் மூன்றே ஷாட்: தூரத்தில் அடிபம்பு, பம்பு அடிக்கும் கை, நிரம்பி வழியும் குடத்தின் வாய். ஒவ்வொன்றும் பத்து நொடி. கை ஆடினால் தோளைச் சுவரில் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியில் காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். அதனால் இன்னொரு போனைப் பேசும் பிள்ளையின் சட்டைப்பையில் வைத்துப் பதியுங்கள். தொடக்கத்தில் இரண்டு போனிலும் பதியும்படி ஒருமுறை கைதட்டினால், பிறகு படத்தோடு ஒலியைச் சேர்ப்பது சுலபம்.

எடுத்ததை அன்று இரவே பெரிய திரையில் போடுங்கள். பிள்ளைகள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள்.