அத்தானின் பிரசரும் இரண்டு சின்னச் சுரப்பிகளும்

வன்னியில் ஒருவர் நெஞ்சு படபடக்கிறது, தலை இடிக்கிறது, கை கால் சோர்கிறது என்று வாய் திறந்தால், பக்கத்தில் இருப்பவர் உடனேயே காரணம் சொல்லிவிடுவார்: யோசனை. 2009க்குப் பிறகு எங்கள் ஊர்களில் எந்த வருத்தத்துக்கும் இதுதான் முதல் விளக்கம். அது பொய்யில்லை. பங்கருக்குள் வளர்ந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். காணாமல் போன மகனின் படத்தைக் காவிக்கொண்டு திரியும் தாய்மார் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். யோசனை உடம்பைத் தின்னும்தான். ஆனால் அதைச் சொன்னதோடு கதை முடிந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரத்தத்தில் பிடிபடக்கூடிய, குளிசையால் அடக்கக்கூடிய ஒரு வருத்தம் அதற்குப் பின்னால் வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். என் அக்காவின் கணவருக்கு அப்படித்தான் இருந்தது, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பியில். அவர் "எழுது தம்பி, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அத்தான் வட்டக்கச்சியில் வயல் செய்கிறவர். வெற்றிலை இல்லை, சிகரெட் இல்லை, மெலிந்த ஆள். முப்பத்தைந்து வயதளவிலேயே பிரசர் பிடித்துவிட்டது. ஒரு குளிசை இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. மூன்றையும் ஒழுங்காகப் போட்டும் மேலே 170, கீழே 110 என்றுதான் கிளினிக் கொப்பியில் எழுதி வரும். "குளிசையை ஒழுங்காப் போடுறீங்களோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். அக்கா கையில் எண்ணிக் கொடுக்கிறவள், அவளுக்குக் கோபம் வரும். உப்பைக் குறைத்தார்கள், கருவாட்டை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "யோசியாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு கால் தொடங்கியது. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்து எழுப்பும். எழும்பினால் சலம் போக வேண்டும், படுத்தால் திரும்பவும் போக வேண்டும். சிறுபோகத்தில் ஒருநாள் வரம்பில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தவரால் எழும்ப முடியவில்லை. வலி இல்லை, விறைப்பும் இல்லை, தொடைக்குச் சத்தே வரவில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் கிளச்சை அழுத்திப் பிடிக்க இயலாமல் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. தோளில் கைபோட்டுத்தான் கூட்டிவந்தோம்.

அன்று வாட்டில் இருந்த இளம் டொக்டர் ஈ.சி.ஜி தாளைக் கட்டிலில் விரித்து, பேனை முனையால் ஒவ்வொரு துடிப்பின் வாலிலும் இருந்த சின்ன மேட்டைத் தொட்டுக்காட்டினார். "இது இருக்கக்கூடாத மேடு. பொற்றாசியம் இறங்கினால் வரும்" என்றார். இரத்தப் பரிசோதனையில் 2.7 என்று வந்தது. இருக்க வேண்டியது 3.5க்கும் 5க்கும் இடையில். இதயத் தசை ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் பொற்றாசியம் உள்ளே வெளியே போய்வர வேண்டும். அது குறைந்தால் துடிப்பின் தாளம் குழம்பும், மோசமாகக் குறைந்தால் இதயம் நின்றும் போகும். அத்தான் போட்ட குளிசைகளில் ஒன்று சலம் போக வைப்பது, அதுவும் பொற்றாசியத்தை இறக்கும். ஆகவே முதலில் பழி அதன் மேல்தான் போனது. அதை நிறுத்தி, பொற்றாசியம் கொடுத்து ஏற்றினார்கள். சில கிழமைகளில் திரும்பவும் இறங்கியது. அப்போதுதான் அந்த டொக்டர் "அதிரீனலைப் பார்க்கவேணும்" என்றார்.

நான் பத்தாம் பதினோராம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அதிரீனல் என்றால் பிள்ளைகள் ஒரே குரலில் அதிரீனலின் என்பார்கள். பயந்தால் நெஞ்சு அடிக்கும், கண்மணி விரியும். எங்கள் தலைமுறைக்கு இதைப் படிப்பிக்கவே தேவையில்லை, கிபிர் விமான இரைச்சல் கேட்டு ஓடியவர்கள் நாங்கள். ஆனால் அதிரீனலினைச் சுரப்பது அந்தச் சுரப்பியின் உள்பகுதி மட்டும்தான். ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் அந்த நாலைந்து கிராம் சதையின் வெளிப்பகுதி சத்தமில்லாமல் வேறு வேலை பார்க்கிறது. கோர்ட்டிசோல் என்ற ஓமோன் அங்கேதான் வருகிறது, அல்டோஸ்தெரோன் என்ற ஓமோனும் அங்கேதான். அத்தானின் கோளாறு இந்த இரண்டாவதில், அல்டோஸ்தெரோன் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் வருத்தம்.

அல்டோஸ்தெரோனின் வேலை உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பது. சிறுநீரகத்துக்குச் சொல்லி சோடியத்தை இரத்தத்துக்குத் திருப்பி எடுக்கும், பதிலுக்குப் பொற்றாசியத்தைச் சலத்தோடு அனுப்பிவிடும். உப்பு நின்றால் தண்ணியும் நிற்கும், பிரசர் ஏறும். சாதாரணமாக இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும், அதன் தூண்டலில் அல்டோஸ்தெரோன் வரும். அழுத்தம் கூடினால் ரெனின் அடங்கும், அல்டோஸ்தெரோனும் அடங்க வேண்டும். இந்த வருத்தத்தில் ரெனின் அடங்கிக் கிடந்தாலும் அல்டோஸ்தெரோன் நிற்காது. இரணைமடுக் குளம் நிரம்பி வழியும்போதும் மேலே எவனோ ஒருவன் ஆற்றைக் குளத்துக்குள் திருப்பிவிட்டுக்கொண்டே இருப்பது மாதிரி.

இதயத்துக்கு வரும் கேடு பிரசரால் மட்டுமில்லை, இதை நான் அழுத்தியே சொல்ல வேண்டும். மிஞ்சிய அல்டோஸ்தெரோன் நேராகவே இதயத் தசையிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் வேலை செய்கிறது. அழற்சி வரும், தசை நார்களுக்கிடையில் தழும்புபோல இழையம் படரும், இடது இதயவறையின் சுவர் தடிக்கும், விரிந்து நிரம்பும் தன்மை குறையும். தழும்பு உள்ள இடத்தில் மின் ஓட்டமும் நேராகப் போகாது, இதயத்தின் மேலறைகளான சோணையறைகள் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கும். அப்படித் துடித்தால் அங்கே இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரலாம். 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, இந்த வருத்தம் உள்ளவர்களைச் சாதாரண பிரசர்காரரோடு ஒப்பிட்டது. தாளம் தப்பும் வாய்ப்பு மூன்றரை மடங்களவு, பாரிசவாதம் இரண்டரை மடங்களவு, இதயம் சோர்ந்துபோவது இரண்டு மடங்கு. கருவியில் காட்டும் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடக்கும் சேதம் ஒன்றில்லை. அத்தானுக்கு எக்கோ என்ற இதய ஸ்கான் எடுத்தபோது சுவர் ஏற்கெனவே தடித்திருந்தது. வயது நாற்பத்தொன்று.

இது அபூர்வ வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரசர் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருக்கிறது. மூன்று குளிசைக்கும் அடங்காதவர்களிடம் இன்னும் கூட. இந்த வருத்தம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பொற்றாசியம் குறைவதே இல்லை, அதனால் சாதாரணப் பரிசோதனையில் பிடிபடாமலே போய்விடும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கிளினிக் நாளில் வாங்கு நிறைய இருக்கும் சனத்தை நினைத்துப் பாருங்கள். பத்தில் ஒருவர் இல்லாவிட்டாலும் இருபதில் ஒருவர்.

இதை முதலில் விபரித்தவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரோம் கோன். 1954இல் அவரிடம் வந்த 34 வயதுப் பெண்ணுக்குத் தசைச் சோர்வு, பிடிப்பு, உயர்ந்த பிரசர், குறைந்த பொற்றாசியம். அல்டோஸ்தெரோனைக் கண்டுபிடித்து அப்போது ஒரு வருஷம்தான். சுரப்பிதான் காரணம் என்று கோன் கணித்தார், சத்திரசிகிச்சையில் ஒரு பக்கத்தில் கட்டி இருந்தது, அதை எடுத்ததும் அந்தப் பெண் தேறினார். இந்தக் கதையை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "என்ர கொப்பியைப் பார்த்து எழுதின மாதிரிக் கிடக்கு" என்றார்.

பரிசோதனை லேசு, ஆயத்தம்தான் கரைச்சல். அல்டோஸ்தெரோனையும் ரெனினையும் ஒரே இரத்தத்தில் அளந்து விகிதம் பார்க்கிறார்கள். லொசாட்டன் போன்ற பிரசர் குளிசைகள் அந்த விகிதத்தைக் குழப்பும் என்பதால், டொக்டர் அதை நிறுத்தி இடைக்காலத்துக்குப் பிரசோசின் கொடுத்தார். முதல் குளிசையைப் படுக்கப் போகும்போது போடுங்கோ, சடாரென்று எழும்பாதேங்கோ என்றும் சொன்னார். பொற்றாசியத்தையும் முதலில் சரியாக்க வேண்டும், குறைவாக இருந்தால் விகிதம் பொய் சொல்லும். உப்பையும் அந்த நாட்களில் குறைக்கக்கூடாது. காலையில் எழும்பி இரண்டு மணித்தியாலமாவது நடமாடிவிட்டு, கொஞ்ச நேரம் இருந்து இரத்தம் கொடுக்க வேண்டும். அந்தக் குழாயை ஐஸில் வைக்கக்கூடாது, குளிர் பட்டால் ரெனின் அளவு மாறிவிடும். தூர இடத்துக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது டொக்டர் இன்னொன்றும் கேட்டார். "நாட்டு மருந்து ஏதும்? அதிமதுரம்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அம்மம்மா இருமலுக்கு அவிக்கும் குடிநீரில் அதிமதுரம் இல்லாமல் இராது. அதில் உள்ள கிளிசரைசின், கோர்ட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சிறுநீரகத்தில் தடுத்துவிடும். தடுத்தால் கோர்ட்டிசோலே அல்டோஸ்தெரோனின் வேலையைச் செய்யத் தொடங்கும், பிரசர் ஏறும், பொற்றாசியம் இறங்கும், எல்லாம் அதேபோல. ஆனால் அங்கே அல்டோஸ்தெரோனும் ரெனினும் இரண்டுமே குறைவாகத்தான் இருக்கும். இரண்டு நாள் இருமலுக்குக் குடிப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் குடிக்கிறவர்கள், அதுவும் பிரசர் உள்ளவர்கள், டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அத்தான் குடிக்கவில்லை. அவருக்கு ரெனின் அடியில், அல்டோஸ்தெரோன் உச்சியில். ஸ்கானில் கட்டி இல்லை, இரண்டு சுரப்பியும் சற்றுத் தடித்திருந்தன. யாழ்ப்பாணத்துக்குப் போய் ஓமோன் வைத்தியரைப் பார்த்தோம். ஒரு பக்கக் கட்டி என்றால் வெட்டி எடுக்கலாம், இரண்டு பக்கமும் என்றால் குளிசைதான் என்று தீர்மானமானது.

குளிசையின் பெயர் ஸ்பைரோனோலக்டோன். புதிதில்லை, விலை கூடியதுமில்லை. அல்டோஸ்தெரோன் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும். சில மாதத்தில் பிரசர் 130க்கு 80 ஆகியது, பொற்றாசியம் நாலுக்கு மேல் நின்றது, மற்றக் குளிசைகளில் இரண்டு குறைந்தன. காலபோகத்துக்கு அவரே லாண்ட்மாஸ்டர் பிடித்தார்.

இதில் ஆண்கள் வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குளிசை சில ஆண்களுக்கு மார்பை வீங்க வைக்கும், தொட்டால் நோகும். அத்தான் சட்டை போடாமல் வயலில் நிற்பதை நிறுத்தியபோதுதான் அக்காவுக்கு விளங்கியது. பலர் இதற்காக ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிடுகிறார்களாம். நிறுத்தாதீர்கள், சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், எப்ளெரெனோன் என்று இந்தத் தொல்லை குறைந்த வேறு குளிசையும் இருக்கிறது, விலைதான் கூட. இன்னொன்று, இது பொற்றாசியத்தை உடம்பில் நிறுத்தும் குளிசை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொற்றாசியம் மிஞ்சிப்போனால், அதுவும் இதயத்தை நிறுத்தும். ஆகவே முன்பு ஏற்றுவதற்காகக் குடித்த இளநீரை இப்போதும் மருந்துபோலக் குடிக்கக்கூடாது. இரத்தம் சோதிக்கும் திகதியைத் தவறவிடவும் கூடாது.

அதிரீனலின் மற்ற வருத்தங்களும் இதயத்தைத் தொடாமல் விடுவதில்லை. உள்பகுதியில் வரும் ஒருவகைக் கட்டி அதிரீனலினையும் நோரதிரீனலினையும் திடீர் திடீரென்று கொட்டும். பொறுக்க முடியாத தலையிடி, உடம்பு நனைய வியர்வை, நெஞ்சடிப்பு, மூன்றும் சேர்ந்து வந்து சில நிமிஷத்திலோ ஒரு மணித்தியாலத்துக்குள்ளோ போய்விடும். இது உண்மையிலேயே அரிது. ஆனால் எங்கள் இடத்தில் ஒருவருக்கு இப்படி வந்தால் ஷெல்லடியின் பயம் இன்னும் போகவில்லை என்றுதான் சொல்வோம், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இருபத்துநாலு மணித்தியாலச் சலத்திலோ இரத்தத்திலோ பார்த்தால் தெரியும். சந்தேகம் இருக்கும்போது நெஞ்சடிப்புக்கென்று பீற்றா அடைப்பிக் குளிசையை முதலில் கொடுக்கக்கூடாது, பிரசர் பயங்கரமாக ஏறிவிடும். அல்பா அடைப்பியைக் கொடுத்த பிறகுதான் அது.

கோர்ட்டிசோல் மிஞ்சினால் முகம் உருண்டு, வயிறு வைத்து, சீனியும் பிரசரும் கொழுப்பும் ஒன்றாக ஏறும். எங்கள் பக்கத்தில் இது சுரப்பியால் வருவதைவிட, மூட்டு நோவுக்கும் முட்டு இழுப்புக்கும் மாதக்கணக்கில் போடும் ஸ்டீரொயிட் குளிசையால் வருவதுதான் அதிகம். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. நித்திரையாகிப்போன சுரப்பி உடனே எழும்பாது, பிரசர் விழுந்து ஆளே விழுந்துவிடலாம். 1855இல் தோமஸ் அடிசன் எழுதிய வருத்தமும் இதே பக்கம்தான்: சுரப்பி பழுதாகி, தோல் கறுத்து, உப்புக்கு ஆசை வந்து, இதயத்தின் துடிப்பே நலிந்துபோகும்.

சரி, யார் கேட்க வேண்டும்? நாற்பதுக்கு முன் பிரசர் வந்தவர்கள், மூன்று குளிசைக்கும் அடங்காதவர்கள், பொற்றாசியம் குறைந்தவர்கள், வீட்டில் இளவயதில் பாரிசவாதம் வந்தவர்கள். 2025இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி பிரசர் உள்ள எல்லோரையும் ஒருமுறையாவது சோதிப்பது நல்லது என்கிறது. எங்கள் வசதிக்கு அது இப்போதைக்கு நடக்காது, ஆனால் இந்த நாலு கூட்டத்தில் இருப்பவர் டொக்டரிடம் கேட்பதற்குக் காசு இல்லை. "எனக்கு அதிரீனல் பார்க்கத் தேவையோ?" இவ்வளவுதான் கேள்வி.

விசுவமடுவில் இருக்கும் அத்தானின் தம்பிக்கும் பிரசர், வயது 36. அவரையும் கேட்க வைத்தோம். அவர் போடுவது அம்லோடிபின் மட்டும், அதை நிறுத்தாமலே இரத்தம் கொடுக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ரிப்போர்ட் அடுத்த கிழமை வரும்.