குதிரைத்திறனுக்கு முன்னால் பிரேக் ஆயில்

என் பழைய கார் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. போன மாதம் இங்கிலாந்தின் கென்ட்டில் உள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச் ரேஸ் டிராக்கில் ஓட்டினேன். ஆறாவது சுற்றில், பேடாக் ஹில் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. அந்த இடத்தில் பாதை வலப்பக்கம் திரும்பி அப்படியே பள்ளத்தில் இறங்கும். உயிரே போய்விட்டது. நல்லவேளை, சட்டென்று இன்னொரு முறை மிதித்ததும் பிடித்துக்கொண்டது.

தப்பு என்னுடையதுதான். பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தரம் கேட்கும் குறைந்தபட்ச கொதிநிலையே 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக் குமிழ். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. அவ்வளவுதான் விஷயம்.

நேற்று தம்பியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து ஆயில் மாற்றும் வேலையை முடித்தோம். பிரேக் பெடலிலிருந்து தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பம். "அண்ணா, மிதிக்கட்டுமா?" என்பான், நான் சக்கரத்தருகே ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறப்பேன். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது பழைய ஆயில். அப்புறம் குழாயில் பொன்னிறமாக, ஒரு குமிழ்கூட இல்லாமல் புது ஆயில் வந்தபோது அவ்வளவு நிம்மதி.

டிராக்கில் ஓட்டுவதற்கான பிரேக் பேடும் வாங்கிவிட்டேன். குதிரைத்திறனைக் கூட்ட டர்போ போடச் சொல்லும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். அடுத்தது டயர்தான்.