பானட் மேல் வெள்ளை வட்டங்கள்

உச்சி வெயிலில் கறுப்புக் கார் ஒன்றைக் கழுவி, துடைக்காமல் விட்டிருந்தார்கள். பானட் முழுக்க வெள்ளை வட்டங்கள். நடுவில் ஒன்றுமில்லை, விளிம்பில் மட்டும் சுண்ணாம்புக் கோடு.

அது அழுக்கு இல்லை. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்பு. ஷாம்பு போட்டு அழுத்தித் தேய்த்தால் கீறல்தான் மிச்சம்.

இதைக் கரைக்க அமிலம் வேண்டும். வெள்ளை வினிகரும் ஆர்ஓ தண்ணீரும் சம அளவு. வண்டி நிழலில், தகடு தொட்டால் சூடில்லாமல் இருக்கணும். மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்துக் கறைமேல் ஒரு நிமிடம் போர்த்துங்கள். காயவிடாமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஷாம்பு போட்டு, துடையுங்கள். பூசியிருந்த மெழுகும் கொஞ்சம் போய்விடும், மறுபடி பூசணும்.

பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். குரோம் பட்டை பாழாகும்.

காய்ந்த பிறகும் வட்டம் தெரிந்தால், பெயின்ட் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பாலிஷ்தான். கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 40-50 மைக்ரான்தான், மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு. எடுத்தவுடன் காம்பவுண்ட் என்ற கரகரப்பான தேய்ப்புப் பசையைப் போட ஒர்க்‌ஷாப்காரரை விடாதீர்கள். மென்மையான பாலிஷை ஓரத்தில் ஓர் உள்ளங்கை அளவு போட்டுப் பார்க்கட்டும்.

கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அருமை. ஆர்ஓ கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது.