ஏறுமா, ஏறாதா?

மார்ச் 7, 2022, திங்கள்

உத்தரப் பிரதேசத்தில் இன்று கடைசிக் கட்ட வாக்குப்பதிவு. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை பெட்ரோல் பங்கில் கூட்டமோ கூட்டம். கேரளத்து கேஎல் 19, கேஎல் 20 வண்டிகள் வருவது வழக்கம்தான். அங்கே பெட்ரோல் ஐந்து ரூபாய் கூடுதல். இன்று நம்ம டிஎன் 75 வண்டிகளும் முட்டி மோதின. 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறும் என்றார்கள். போன நவம்பர் 4-க்குப் பிறகு பைசா அசையவில்லை. உக்ரைன் போரில் கச்சா எண்ணெய் இன்று 139 டாலரைத் தொட்டும் அசையவில்லை. ஓட்டு முடிந்தால் விலை ஏறும் என்று டீக்கடையில் எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள்.

மார்ச் 11

நேற்று தேர்தல் முடிவு வந்தது. விலை ஏறவில்லை. கேன் வாங்கி நிறைத்து வைத்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மார்ச் 20, ஞாயிறு

மார்த்தாண்டம் போகிற வழியில் ஒரு பங்கில் ‘டீசல் ஸ்டாக் இல்லை’ என்று அட்டை. “எல்லாம் உள்ளே கிடக்கு, ஏறின பிறகு விப்பான்” என்று பின்னால் நின்ற லோடு ஆட்டோக்காரர் கத்தினார். எனக்கும் அதே சந்தேகம். பங்கில் வேலை பார்க்கும் மச்சினனிடம் கேட்டேன்.

“பதுக்கினா லாபம் உண்டு அத்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா லோடுக்கு முன்பணம் கட்டணும். தீபாவளிக்கு மத்திய அரசு பெட்ரோலுக்கு அஞ்சும் டீசலுக்குப் பத்தும் குறைச்சப்போ, டேங்க்ல கிடந்ததுக்கெல்லாம் ஓனருக்கு நட்டம்தான்.”

இன்னொன்றும் சொன்னான். மொத்தமாக வாங்கும் போக்குவரத்துக் கழகங்கள், தொழிற்சாலைகளுக்கு டீசல் லிட்டருக்கு 25 ரூபாய் போல ஏறிவிட்டது. அங்கே வாங்கியவர்கள் சில்லறை பங்குக்கு வந்தால் ஸ்டாக் எப்படி நிற்கும்? நியாயம்தான். அதற்காக அந்த அட்டையை முழுசாக நம்பிவிட்டேன் என்றில்லை.

மார்ச் 22

ஏறிவிட்டது. சென்னையில் லிட்டருக்கு 76 பைசா. என் ஸ்கூட்டர் டேங்க் ஐந்து லிட்டர். முந்தின நாளே வரிசையில் நின்று நிறைத்திருந்தாலும் மிச்சம் நாலு ரூபாய் தேறாது, ஒரு சாயாகூட வராது. சமையல் கேஸுக்கு ஒரே அடியாக 50 ரூபாய். அதை முன்கூட்டி நிறைக்க வழியில்லை, ஆகவே அதைப் பற்றி ஒருவரும் வதந்தி பரப்பவில்லை.

ஏப்ரல் 6

14-வது ஏற்றம். சென்னையில் பெட்ரோல் 110.85, டீசலும் நூறைத் தாண்டியாச்சு. நாலு மாதம் தூங்கிய விலை இரண்டே வாரத்தில் ஏறக்குறைய பத்து ரூபாய் எழும்பியிருக்கிறது. டீக்கடைச் சத்தியம் நாள் கணக்கில்தான் தவறியது.

சின்னமுட்டத்தில் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. இந்த விலைக்குப் படகு கரையில் கிடப்பதே மேல் என்றார் அங்குள்ள படகுக்காரர் ஒருவர். மேற்குக் கடற்கரையிலுள்ள குளச்சல், முட்டம் பக்கம் தடை ஜூன் 1-க்குத்தான். அதுவரை அவர்கள் இந்த டீசலை ஊற்றித்தான் கடலுக்குப் போக வேண்டும்.