சிந்திய அரிசி

மலேசியாவில் 1989-இல் வெளிவந்த ஒரு ரிங்கிட் நாணயத்தில் உறையோடு ஒரு கெரிஸ், அதாவது மலாய், ஜாவா மக்களின் குத்துவாள், பொறிக்கப்பட்டிருந்தது. 2005-இல் அந்த நாணயம் திரும்பப் பெறப்பட்டபோது இரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தோனேசியாவின் கெரிஸ் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றென யுனெஸ்கோ அறிவித்ததும் அதே ஆண்டில்தான் என்பது பின்னாளில் தெரிந்தது. இன்று என்னிடம் ஆறு கெரிஸ்கள் உள்ளன. ஐந்து, விலைக்கு வாங்கியவை. ஆறாவது, மத்திய ஜாவாவின் சோலோ நகருக்கு அருகே ஒரு கொல்லரிடம் சொல்லிச் செய்வித்தது.

கெரிஸ் என்றதும் பலரும் பாம்புபோல் வளையும் அலகைத்தான் நினைக்கிறார்கள். அந்த வளைவுகளை ஜாவாவில் லுக் என்பார்கள்; அவை எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும். ஆனால் நேரான கெரிஸ்களும் ஏராளம். என் கண்ணுக்கு அவையே அழகு, ஏனெனில் வளைவு கவனத்தைப் பறிக்காதபோதுதான் பமோர் எனப்படும் உலோக வரி தெளிவாகத் தெரிகிறது. ஆகவே நேரான அலகையே கேட்டேன்.

உலையில் எரிந்தது தேக்குக் கரி. இரும்புப் பட்டைகளுக்கு நடுவே நிக்கல் தகட்டை வைத்துக் காய்ச்சி, கொல்லர் சிறு சுத்தியலால் இடத்தைத் தட்டிக் காட்ட, உதவியாளர்கள் இருவர் சம்மட்டியால் மாறி மாறி அடித்தார்கள். அடித்து நீட்டியதை மடித்து மீண்டும் அடிக்க, ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிக்கின்றன. ஒவ்வொரு சூட்டிலும் இரும்பு செதிலாக உதிர்ந்து, கையில் எடுத்த கட்டி கண்ணெதிரே இளைத்துக்கொண்டே போகிறது. இப்படி அடுக்கிய இரண்டு பலகைகளுக்கு நடுவில் எஃகு ஒன்றை வைத்து ஒட்டவைப்பதால், வெட்டும் விளிம்பில் அந்த எஃகு மட்டும் மெல்லிய கோடாக வெளித்தெரியும். அரத்தால் ராவி முடித்த பிறகும் அலகு வெறும் சாம்பல் நிறத் துண்டாகவே இருந்தது. எலுமிச்சைச் சாற்றில் கலந்த பாஷாணத்தை, அதாவது ஆர்செனிக்கை, மெல்லத் தடவத் தடவ, இரும்பு கறுத்தது, நிக்கல் வெள்ளியாக நின்றது. கரிய பரப்பெங்கும் சிறு சிறு வெண்புள்ளிகள் எழுந்தன. இந்த வகைப் பமோருக்கு 'பெராஸ் ஊத்தா', அதாவது சிந்திய அரிசி என்று பெயர். விரலால் வருடினால் மணிகள் மிக லேசாகத் தட்டுப்படும்.

உறை செய்பவர் வேறொருவர். அவரை ம்ராங்கி என்கிறார்கள். படகுபோல் நீண்ட லட்ராங் வேண்டுமா, உருண்ட கயாமான் வேண்டுமா என்று கேட்டார். சடங்குக்கு அணியப்போவதில்லை என்பதால் கயாமான் போதும் என்றேன். கைப்பிடியை எதைக்கொண்டும் ஒட்டவில்லை. அலகின் வால்பகுதியில் துணியைச் சுற்றி இறுக்கிச் செருகினார், அவ்வளவுதான்.

இத்தனை உழைப்பையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான் கெடுத்தேன். அலகில் கடுகளவு துரு தெரிந்ததும் பதறி, பித்தளைச் சாமான் துலக்கும் பாலிஷைத் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். துரு போனது, கறுப்பும் போனது. பாதி அலகு சமையலறைக் கத்திபோல் பளபளத்தது. செய்ய வேண்டியதெல்லாம் துளி எண்ணெய் பூசி வைப்பதுதான் என்று எனக்குத் தெரியாததல்ல; பொறுமை இல்லை.

படத்தைப் பார்த்த கொல்லர் கோபப்படவில்லை. நிறம்தான் போயிருக்கிறது, அடுக்கு எங்கும் போகாது, பழையதைக் கழுவி மீண்டும் பாஷாணம் பூசினால் அரிசி திரும்பி வரும் என்றார். ஜாவானிய ஆண்டின் முதல் மாதமான சூரோவில் ஊரே கெரிஸ்களைக் கழுவக் கொண்டுவரும், அந்தக் கூட்டத்தில் வராதீர்கள் என்றும் சொன்னார். அது கழிந்த மறுவாரத்துக்கு விமானச்சீட்டு போட்டிருக்கிறேன்.