டேட் போன இங்க் போடலாமா?

எப்சன் 3880 பிரிண்டர் வச்சிருக்கிற ஃபோட்டோக்காரங்க யாரைப் பாத்தாலும் இப்ப இதே பேச்சுதான். 2015லயே இதுக்கு அடுத்த மாடல் பி800 வந்தாச்சு, நம்ம மெஷினுக்கு புது தேதி போட்ட கார்ட்ரிட்ஜ் தேடினா லேசுல சிக்காது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்க பக்கம் விசாரிச்சா "சீல் பிரிக்கல சார், டேட் மட்டும்தான் போயிடுச்சு"ன்னு விலையைக் குறைச்சு நீட்டுவாங்க. வாங்கலாமான்னு கேட்டா, வாங்கலாம், ஆனா எந்த கலர்னு பாத்து வாங்கணும்னுதான் சொல்வேன்.

டப்பால இருக்கிற தேதியை விட அது எப்படி கிடந்துச்சுங்கிறதுதான் முக்கியம். இது பிக்மென்ட் இங்க், அதாவது கலர் கரைஞ்சு இருக்காது, பொடியா மிதந்துக்கிட்டு இருக்கும். வருஷக்கணக்கா ஒரே பக்கமா படுத்துக் கிடந்தா வடிச்ச கஞ்சி மாதிரி அடியில தங்கிடும், அப்படியே மாட்டினா ஒரே கார்ட்ரிட்ஜ்ல இன்னைக்கு ஒரு அடர்த்தி, அடுத்த மாசம் வேற அடர்த்தி. அதனால மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் மெதுவா சாய்ச்சு சாய்ச்சு விடுங்க, லொட லொடன்னு குலுக்கிடாதீங்க.

இன்னொன்னு காத்து. புதுசா வர்றது வேக்யூம் பேக்ல ஒட்டிப்போய் கல்லு மாதிரி இருக்கும், பை உப்பியிருந்தா எவ்வளவு சீப்பா குடுத்தாலும் வேணாம்னுட்டு வந்துருங்க. ஏன்னா எப்சன் ஹெட், அதாவது பேப்பர்ல இங்க்கைத் தெளிக்கிற பாகம், சூடாக்கி இங்க்கைத் தள்ளுறதில்ல, உள்ள கரண்ட் பட்டா அசையுற பீசோன்னு ஒரு சில்லு அசைஞ்சு அந்த அழுத்தத்துல தள்ளுது, நடுவுல ஒரு குமிழ் இருந்தா அழுத்தம் எல்லாம் குமிழை நசுக்கறதுக்கே போயிடும், சொட்டு வெளிய வராது. ஹெட்ல இருக்கிற ஓட்டை எல்லாத்துலயும் இங்க் வருதான்னு பாக்க நாசில் செக் கோடு போடுறப்ப கோடு விடுபடுற இடம் ஒவ்வொரு தடவையும் மாறிக்கிட்டே இருந்தா பெரும்பாலும் காத்துதான், ஒரே இடத்துல நின்னா அடைப்பு. காத்துன்னு தெரிஞ்சா அடுத்தடுத்து க்ளீனிங் குடுத்து நல்ல இங்க்கையும் கழிவு இங்க் சேர்ற மெயின்டனன்ஸ் டேங்க்குக்கு தாரை வாக்காம ராத்திரி முழுக்க சும்மா விட்டுட்டு காலைல பாருங்க.

சரி, கலர். மொத்தம் 9 கார்ட்ரிட்ஜ், ஒவ்வொன்னும் 80 மில்லி. மஞ்சள் பழசா இருந்தா எனக்கு கவலையே இல்ல, அது லேசா குறைஞ்சாலும் கண்ணுக்கு சீக்கிரம் தெரியாது. சயனும் பரவால்ல. லைட் மெஜந்தா கொஞ்சம் யோசிப்பேன், முகத்தோட நிறம் அதுலதான் நிக்குது. லைட் பிளாக், லைட் லைட் பிளாக் ரெண்டும் மட்டும் பழசு வேணவே வேணாம், பிளாக் அண்ட் ஒயிட் பிரிண்ட்ல நடுவுல வர்ற சாம்பல் பெரும்பாலும் இந்த ரெண்டும்தான், கொஞ்சம் அடர்த்தி மாறினாலும் வானம், சுவர் மாதிரி இடத்துல படி படியா தெரியும், கஸ்டமர் கண்டுபிடிக்கலன்னாலும் நமக்கு தூக்கம் வராது.

பழசு மாட்டின உடனே கருப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் சாம்பல் படிப்படியா மாறுற ஒரு கிரே ஸ்டெப் ஸ்ட்ரிப் அடிச்சு, நல்ல இங்க்ல அடிச்சு வச்சதோட ஜன்னல் வெளிச்சத்துல சேத்துப் பாருங்க. அப்புறம் கேனான் ப்ரோ-1000 பிரிண்டர் வச்சிருக்கிறவங்க இதுல கொஞ்சம் தைரியமாவே இறங்கலாம், ஹெட் போனா நாமளே கழட்டி வேற மாட்டிக்கலாம். 3880ல ஹெட் போச்சுன்னா சர்வீஸ்காரர் சொல்ற ரேட்டைக் கேட்டதும் வேற மெஷினே வாங்கிடலாம்னு தோணும், அதனால மாசக்கணக்கா பிரிண்டே போடாம மூடி வைக்கிற ஆளா இருந்தா பழைய ஸ்டாக் பக்கமே போகாதீங்க.