ஒரு வரி பாக்கின்னா மொத்த நடையும் செவப்பு

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், பாம்பன்ல விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கு, மாமாவோட ஏலக்கடைக்கு வல்லத்து (நாட்டுப்படகு) மீனு மட்டுந்தான் வருது, அதனால மாசக்கணக்கா தள்ளிப்போட்ட கணக்கு வேலைய இப்பத்தான் கையில எடுத்தேன்.

பிரச்சனை என்னன்னா, ஒரு போட்டு ஒரு நடை, அதாவது ஒரு தடவ கடலுக்கு, போய்ட்டு வந்தா இறால் ஒருத்தரு எடுப்பாரு, கணவாய் இன்னொருத்தரு, நண்டு கம்பெனிக்கு போகும், மிச்ச சங்காயம் (கழிவுப் பொடிமீனு) கோழித்தீவனத்துக்கு, ஆக ஒரு நடைக்கு கணக்குல அஞ்சாறு வரி (ரோ) விழும், காசு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாள் வரும். அஞ்சு வரி முடிஞ்சு ஒரு வரி பாக்கின்னாலும் அந்த நடை முடியல, பங்கு பிரிக்க முடியாது. மாமா கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "மாப்ள, இந்த நடை முடிஞ்சுதா இல்லையா, கதையெல்லாம் வேணாம்."

எக்ஸெல்ல கவுண்ட்இஃப்எஸ்னு நிபந்தனை வச்சு எண்ணுற ஃபங்ஷன வச்சு ஓட்டிட்டு இருந்தேன், வரி கூடக்கூட ஃபைலு தொறக்கவே டீ குடிச்சிட்டு வரலாம்ங்குற நெலம. ஒவ்வொரு வரிக்கும் மொத்த வரியையும் திரும்ப எண்ணுதுல்ல, வேற எப்டி இருக்கும். சரின்னு மைக்ரோசாஃப்டோட ரிப்போர்ட் மென்பொருளான பவர் பிஐக்கு மாத்தி, வரவுங்குற டேபிள்ல ஒரு கால்குலேட்டட் காலம் (ஃபார்முலா நெரப்புற நெடுவரிசை) போட்டேன், நடைல பாக்கி இருந்தா அதோட எல்லா வரிலயும் செவப்பு கொடி, இல்லன்னா பச்சை.

மொத தடவ ஃபில்டர் வச்சு பாக்கி வரிய மட்டும் எடுத்து, வரிய எண்ணுற கவுண்ட்ரோஸ் போட்டேன். எல்லா நடையும் செவப்பு! போன வருசமே பங்கு பிரிச்சு முடிச்ச நடை கூட. அது நம்ம வரிய பாக்கவே இல்ல, டேபிள் மொத்தத்துலயும் எத்தன பாக்கி இருக்கோ அந்த நம்பர அப்டியே எல்லா வரிலயும் எழுதிருச்சு. அடுத்து அதையே கால்குலேட்ங்குற ஃபங்ஷனுக்குள்ள போட்டா நேர் எதிரு, பாக்கியான வரி மட்டும் செவப்பு, அதே நடையோட மத்த அஞ்சு வரியும் பச்சை. கால்குலேட் வந்தா அந்த வரில இருக்குற நடை, மீனு, கிலோ, வெலைன்னு எல்லா காலமும் ஃபில்டரா மாறிரும், அதனால தன்னத்தவிர வேற வரி அதுக்கு தெரியாது. நமக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல, நடைய மட்டும் வச்சுக்கிட்டு மிச்ச ஃபில்டர கழட்டணும், அதுக்குத்தான் ஆல்எக்செப்ட்:

கால்குலேட்(கவுண்ட்ரோஸ்(வரவு), ஆல்எக்செப்ட்(வரவு, வரவு[நடை]), வரவு[நிலை]="பாக்கி") > 0

ஃபங்ஷன் பேரெல்லாம் இங்கிலீஷ்லதான் அடிக்கணும், நான் இங்க தமிழ்ல எழுதிருக்கேன்.

ஃபார்முலா கூட ரெண்டு நாள்ல வந்துருச்சு, ஆனா நடைன்னா எதுங்குறதுதான் ஒரு வாரம் தின்னுச்சு. மொதல்ல போட்டு நம்பரும் தேதியும் சேத்து ஒரு நடைன்னு வச்சிருந்தேன். வல்லம் சாய்ங்காலம் கரை ஏறும், பாதி மீனு அன்னிக்கே போகும், மிச்சம் ஐஸ்ல இருந்து மறுநா காலைல ஏலம், சிட்டைல ரெண்டு தேதி. ஒரே நடை ரெண்டா பிரிஞ்சு ஒரு பாதி பச்சை, மறுபாதி செவப்பு, நான் பச்சைய பாத்து பங்கு பிரிக்கலாம்னு சொல்ல, மாமா பாத்த பார்வ இருக்கே. இப்ப கரைல எடை போடும்போதே சிட்டைல நடை நம்பர் விழுது, கம்ப்யூட்டரு அதத்தான் பாக்கும்.

இன்னொண்ணு, எத்தன நடை பாக்கின்னு மாமா கேட்டாரு, செவப்ப கூட்டி 38ன்னேன். அடிக்க வராத கொற. அது வரிக்கணக்கு, நடைக்கணக்குக்கு ஒரே நம்பர ஒரு தடவ மட்டும் எண்ணுற டிஸ்டிங்க்ட்கவுண்ட் போடணும், போட்டா 7. அதோட இந்த கால்குலேட்டட் காலம் டேட்டாவ ரிஃப்ரெஷ் பண்ணும்போது மட்டுந்தான் கணக்கு போடும், ஸ்லைசர்ல (ரிப்போர்ட்ல இருக்குற ஃபில்டர் பட்டன்) மாசத்த மாத்துனா கொடி மாறாது, அப்டி மாறணும்னா பாக்குற நேரத்துல கணக்கு போடுற மெஷர்தான் எழுதணும். எனக்கு மாறக்கூடாது, முடியாத நடை எந்த மாசத்துல பாத்தாலும் முடியாததுதான்.

7ல அஞ்சு நெசமாவே பாக்கி, ஃபோன் போட்டாச்சு. மிச்சம் ரெண்டு எங்க தப்புன்னு நேத்து ராத்திரி வரைக்கும் ஃபார்முலாவ நோண்டிக்கிட்டு இருந்தேன். காலைல கேட்டா, அந்த வியாபாரி போன வாரமே கையில குடுத்துட்டாராம், மாமா சட்டப்பைல இருந்து மடிச்ச நோட்ட எடுத்து மேசைல வைக்கிறாரு.